மணிக்கட்டுக்கு ஏழு வருஷம்

வக்கீல் முதல் ஜெராக்ஸ் கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவள் ஃபைல் அக்கா. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக ஒரே வக்கீலிடம் குமாஸ்தா. அந்த ஆபீஸுக்கு வருவது ஒரே வகை வழக்குதான்: வழுக்கி விழுந்தவர்கள். கடையில் விழுந்தவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்தவர், லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த நாலு விரல் மேட்டில் தடுக்கி விழுந்தவர். விழுந்த இடம் யாருடையதோ அவர்களிடமோ, அவர்களுடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடமோ நஷ்டஈடு வாங்கித் தருவது வக்கீலின் பிழைப்பு. எவ்வளவு கேட்கலாம் என்று சொல்வது அக்காவின் பிழைப்பு.

வக்கீலுக்குச் சட்டம் தெரியும். விழுந்ததற்கு என்ன விலை என்பது அக்காவுக்குத்தான் தெரியும். இதை வக்கீலே ஒத்துக்கொள்வார், அவள் சம்பளம் கூட்டிக் கேட்காத நாட்களில்.

ஆபீஸ் முதல் மாடியில். ஒடுக்கமான பதினெட்டுப் படி, கைப்பிடி வேறு ஆடும். கால் உடைந்தவர்களுக்கு வழக்கு நடத்துகிற ஆபீஸைக் கொண்டுபோய் மாடியில் வைத்த மகா புத்திசாலி யாரென்று அக்கா கேட்காத மாதம் கிடையாது. வாடகை குறைச்சல் என்பார் வக்கீல். அதனால் இவளே நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கீழே ஜெராக்ஸ் கடைக்கு இறங்கி வருவாள். மிஷின் பக்கத்தில் ரெண்டு ஸ்டூல். ஒன்றில் இவள், இன்னொன்றில் கட்டுப் போட்ட ஆள். மிஷின் டடக் டடக்கென்று காகிதத்தைத் துப்பிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாக்குமூலம் எழுதுவாள்.

ஆட்களை எலும்பை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பாள். "இடுப்பெலும்பு அம்மா வந்தாங்களா?" "கணுக்கால் தம்பி போன் பண்ணினாரா?" தொகையை வருஷக் கணக்கில் சொல்வாள். பணமாகச் சொன்னால் கேட்பவனுக்கு ஆசை வந்துவிடும், வருஷமாகச் சொன்னால் புத்தி வரும் என்பது அவள் கட்சி. "இந்த முழங்கால் நாலு வருஷம் பெறும்" என்றால், விழுந்தவர் நாலு வருஷம் உழைத்துச் சம்பாதிக்கிற பணத்தைக் கேட்கலாம் என்று அர்த்தம். இன்னும் எத்தனை வருஷம் உழைக்கிற உடம்பு என்று பார்ப்பாள். டாக்டர் எழுதித் தந்த ஊன சதவீதத்தால் அதைப் பெருக்குவாள். ஆஸ்பத்திரி பில்லைத் தனியாகச் சேர்ப்பாள். அப்புறம் கழித்தல். தேய்ந்த செருப்பு போட்டிருந்தால் கால்வாசி போச்சு. போன் பேசிக்கொண்டே நடந்திருந்தால் பாதி போச்சு.

வீட்டுக்குப் போனாலும் கண் தரையில்தான். மிதியடியின் மடங்கிய ஓரம், குழாயடிப் பாசி, எதுவும் தப்பாது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் சீண்டுவார்: "ஏம்மா, நான் பாத்ரூம்ல விழுந்தா எவ்வளவு தேறும்?"

"நீங்க வேலைக்குப் போற லட்சணத்துக்கு மூணு மாசம் தேறினா பெரிசு" என்பாள்.

அக்காவுக்கு ஒரு ஜென்மப் பகை உண்டு. ஆள் இல்லை, ஒரு வார்த்தை. பரவாயில்லை.

யோசித்துப் பாருங்கள், இந்த வார்த்தை இல்லாமல் நம்மால் ஒரு நாளைத் தள்ள முடியுமா? காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை. படம் எப்படி என்றால் பரவாயில்லை. காய்ச்சல் எப்படி என்றாலும் அதே பரவாயில்லை. குணமாகிவிட்டது என்றும் அர்த்தம், உயிர் போகிறது ஆனால் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றும் அர்த்தம். சொல்கிற முகத்தைப் பார்த்தால் எந்தப் பரவாயில்லை என்று நமக்கு விளங்கிவிடும். காகிதத்துக்கு முகம் ஏது? எத்தனை நல்ல வழக்குகள் இந்த ஒரு வார்த்தையால் மண்ணைக் கவ்வியிருக்கின்றன என்று அக்காவுக்குத்தான் தெரியும். டாக்டர் "எப்படி இருக்கு?" என்பார், இவர்கள் மரியாதைக்கு "பரவாயில்லீங்க" என்பார்கள், அவர் சீட்டில் "முன்னேற்றம்" என்று எழுதிவிடுவார். முடிந்தது கதை.

அதனால் அக்கா ஒரு விதி வைத்திருந்தாள். அந்த வார்த்தையை எழுதுவதில்லை. யாராவது சொன்னால் பேனாவை மூடிவிட்டு ரெண்டாவது கேள்வி கேட்பாள். தலை சீவ முடியுதா? பக்கெட்டைத் தூக்க முடியுதா? எந்தப் பக்கம் திரும்பிப் படுக்குறீங்க? அப்போதுதான் உண்மை வெளியே வரும். சில பேர் அழுதுவிடுவார்கள்.

இப்படிப்பட்டவளிடம்தான் சலூன்காரர் வந்து சேர்ந்தார்.

நாற்பது வயசு. மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் ஒற்றை நாற்காலி சலூன். பால் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனவர், ஐஸ் பெட்டியிலிருந்து கசிந்த தண்ணீரில் கால் வைத்து, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு ரெண்டாக உடைந்தது. கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் நாற்பது நிமிஷமாகத் தேங்கி நிற்கிறது, கடைப் பையன்களே மூணு பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள், இவர் விழுகிறார். எழுந்து இடது கையால் சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகு, கேளுங்கள் இந்தக் கூத்தை, உடைந்த பால் பாட்டிலுக்கும் காசு கொடுக்கிறார். "யானைக்கும் அடி சறுக்கும் சார்" என்று மானேஜர் சொல்ல, இவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

கட்டுப் பிரித்தபோது எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. கத்திரிக்கோலைப் பிடித்தால் கட்டைவிரல் விறைத்துக்கொண்டது. டாக்டர் பார்த்துவிட்டு முப்பத்தைந்து சதவீத ஊனம் என்று சான்று எழுதித் தந்தார். மறுபடி உடைத்து, தகடு வைத்து, நேராக்கலாம், இந்த வருஷம் முடிவதற்குள் செய்தால் பழையபடி கத்திரிக்கோல் பிடிக்கலாம், தள்ளிப்போட்டால் மூட்டு தேய்ந்துவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். ஆபரேஷனுக்கும் அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிற மாதங்களுக்குமாகச் சேர்த்து ஒன்றரை வருஷச் சம்பாத்தியம் வேண்டும். சலூனில் அவ்வளவு பணம் எந்தக் காலத்திலும் மிஞ்சியதில்லை. அந்தக் கை சரியாக வேண்டுமென்றால் நஷ்டஈடு வந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

அக்கா கணக்குப் போட்டாள். அறுபது வரை வெட்டலாம், இருபது வருஷம். அதில் நூற்றுக்கு முப்பத்தைந்து, ஏழு வருஷம். புதுச் செருப்பு. கையில் போன் இல்லை. கழிக்க ஒன்றுமே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வழக்கு வந்ததில்லை என்று வக்கீலிடம் சொன்னாள்.

சான்று கிடைத்து ஆறு வாரம் கழித்து வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார்கள். சலூன்காரர் பேசுகிற மனுஷர். ஜெராக்ஸ் கடைக்காரரின் கிருதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யார் சார் உங்களுக்கு வெட்டினது, கோபமா இருந்தாரா?" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவள் சிரிப்பது அபூர்வம். விழுந்த நேரம், தண்ணீரின் அகலம், பார்த்தவர்கள், ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். கடைசிக் கட்டம், தற்போதைய நிலை.

"கை இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்லைக்கா" என்றார். சொல்லும்போது அந்தக் கையை மற்றக் கை தாங்கிப் பிடித்திருந்தது.

அக்காவுக்கு நன்றாகவே புரிந்தது. முகத்தைப் பார்த்தாள், தாங்கிப் பிடித்த கையைப் பார்த்தாள், இது எந்தப் பரவாயில்லை என்று அவளுக்கு ஒரு நொடியும் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு நன்றாகப் புரிந்துவிட்டதால்தானோ என்னவோ, கேட்க எதுவும் மிச்சமில்லாதது போல் இருந்தது. அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது மனசில் ஏறிவிட்டது, அவர் சொன்ன வார்த்தை பேனாவில் இறங்கிவிட்டது. "தற்போது பரவாயில்லை." முத்து முத்தான கையெழுத்து. அவர் இடது கையால் பெருவிரல் ரேகை வைத்தார். தபாலுக்கு நேரமாச்சு என்று மாடியிலிருந்து வக்கீல் கத்தினார், காகிதம் ஏழு நகல் எடுத்து அன்றைக்கே தபாலில் போனது.

மூணு மாசம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சமரசப் பேச்சுக்கு அழைப்பு வந்தது. கண்ணாடி மேஜை போட்ட ஏசி அறை. ஒரு பக்கம் வக்கீல், அக்கா, சலூன்காரர், அவர் மனைவி. எதிரே கம்பெனியின் மதிப்பீட்டாளர், இஸ்திரி மடிப்புக் கலையாத ஒல்லியான ஆள். எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கை எப்படி என்று இவர் இன்றைக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று அக்கா பயந்து, சலூன்காரருக்கு வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள். "வலிக்குதுன்னு சொல்லுங்க. அந்த வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது, வந்துச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மதிப்பீட்டாளர் எதையும் கேட்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்தார்.

"டாக்டர் முப்பத்தஞ்சு சதவீதம்னு எழுதியிருக்கார். ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு ஆறு வாரம் கழிச்சு இவரே ஒரு வாக்குமூலம் குடுத்திருக்கார். 'தற்போது பரவாயில்லை.' அப்படின்னா இடையில குணமாகியிருக்குதானே?"

அக்கா எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அவள் பெற்ற பிள்ளை மாதிரி அவளுக்கு அடையாளம் தெரிந்தது அந்த எழுத்து.

"சார், நீங்களும் தமிழ் பேசறவர்தானே" என்றார் வக்கீல். "பரவாயில்லைன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சார். எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா மேலிடத்துக்கு நான் இதை மொழிபெயர்த்து அனுப்பணும். அங்க உள்ளவங்களுக்குத் தமிழ் தெரியாது. 'நன்றாக இருக்கிறது'ன்னுதான் போகும். வேற எப்படி எழுதச் சொல்றீங்க?"

சலூன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமாங்க, நான் சொன்னதுதான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், என்ன செய்ய!

மதிப்பீட்டாளர் அடித்துச் சொன்னார். குணமானது போக மிச்சம் எட்டு சதவீதம். இருபது வருஷத்தில் எட்டு சதவீதம் என்றால் ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேலே. அதுவும் முழுசாக இல்லை. சூப்பர் மார்க்கெட்காரர்கள் பெரிய மனசு பண்ணி இவருக்கு மேற்பார்வை வேலை தருகிறார்கள், வருமானம் வரும், ஆகவே இழப்பில் பாதியைக் கழிக்க வேண்டும். பத்து மாசம். அக்காவின் அதே வித்தை. அதே கூட்டல், அதே கழித்தல். அவளால் ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஒரு வார்த்தையைத் தவிர.

அவள் வாயைத் திறந்தாள். மேஜைக்குக் கீழே வக்கீலின் கால் அவள் காலை அழுத்தியது. விஷயம் அவளுக்கும் தெரியும். கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழுதினேன் என்று குமாஸ்தாவே சொன்னால் முழு வாக்குமூலமும் செல்லாமல் போகும், பார்த்தவர்கள் யார் என்பது முதற்கொண்டு. சட்டம் அப்படி. பயமும் அப்படித்தான். இருபத்தாறு வருஷப் பேர் ஒரு நிமிஷத்தில் போவதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் சலூன்காரரை அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு உங்களைப் பாத்துத்தான் சொல்லியிருக்காங்க. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா? ராத்திரியெல்லாம் என்கிட்ட முனகத் தெரியுதில்ல?"

"என் வாய்தான், என்ன பண்றது" என்றார் அவர். அக்காவுக்கு நேரே நின்று சொன்னார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"கோர்ட்டுக்குப் போலாம்" என்றார் வக்கீல். "மெடிக்கல் போர்டு மறுபடி பாக்கச் சொல்லுவோம். ஆனா நாலு வருஷம் ஆகும்."

டாக்டர் சொன்ன கெடு அந்த வருஷக் கடைசி. இன்னும் நாலு மாசம். சலூன் வாடகை அஞ்சு மாசம் பாக்கி. சலூன்காரர் வக்கீலை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படி."

"வாங்கிக்குங்க" என்றாள் அக்கா.

அது அவருக்காகச் சொன்னதா, கோர்ட்டில் அந்தக் காகிதம் மறுபடி பிரிக்கப்பட்டு 'இது யார் கையெழுத்து?' என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னதா? அன்றைக்கும் அவளுக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் ரேகை வைத்தார். போகும்போது அவளைக் கையெடுத்துக் கும்பிட முயன்றார், வலது கை கூடவில்லை. "உங்க புண்ணியத்துல இவ்வளவாவது கிடைச்சுதுக்கா" என்றார். அதையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டூலில் உட்காருகிறவர்களிடம் எரிந்து விழுந்தாள். ஒரு தோள்பட்டைக்காரர் தப்பித் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிவிட, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். கணவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். புது வருஷம் பிறந்து ரெண்டு வாரம் ஆன பிறகு, ஒரு பகல் வேளையில், குடையை எடுத்துக்கொண்டு அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள்.

மேற்பார்வை வேலையாம் மேற்பார்வை! சலூன்காரர் நீலச் சட்டை போட்டு, மாப் கட்டையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, சோப்பு அலமாரிப் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்தார். வலது கை சும்மா கூடவே வந்தது. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கக்கா! பாத்து, ஈரமா இருக்கு."

"ஆபரேஷன்?" என்றாள்.

"பணம் வாடகைக்கும் கடனுக்கும் சரியாப் போச்சுக்கா. சலூனைக் குடுத்துட்டேன். டாக்டர்கிட்ட போன வாரம் காட்டினேன். இனிமே வேண்டாம்னுட்டார்."

அக்கா வரும்போது பஸ்ஸில் எப்படியெல்லாமோ ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றும் உதவவில்லை. "அந்தப் பேப்பர்ல அதை எழுதினது நான்" என்றாள். "உங்க வாய் இல்ல, என் கை. எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் சொல்வாங்க. அதுக்கு மேல கேக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உங்ககிட்ட நான் கேக்கல. அன்னைக்கு அந்த ரூம்லயாவது சொல்லியிருக்கணும், அதையும் சொல்லல. வாங்கிக்குங்கன்னு வேற சொன்னேன்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன கேட்டிருக்கணும்?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அக்கா அந்த வலது கையைப் பார்த்தாள். "சட்டைப் பட்டன் போட முடியுதான்னு."

"முடியாது. அவதான் போட்டு விடுவா. அவ வேலைக்குப் போய்ட்டா பனியனோட இருந்துடுவேன்."

"எழுத?"

"என் பேரை எழுதினா என் பேரு மாதிரியே இருக்காது. அதான் ரேகை வச்சேன்."

"தூக்கம்?"

"ரெண்டு மணி நேரம். அப்புறம் கையைச் செவுத்துல ஒட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். செவுரு குளுகுளுன்னு இருக்கும்."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். யாரும் இதுவரை கேட்காததால் எல்லாம் அப்படியே உள்ளே இருந்தது. பல் தேய்ப்பது, பூட்டைத் திறப்பது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது. அக்காவின் மூளை, பாழாய்ப்போன மூளை, கேட்கக் கேட்கத் தானாகக் கூட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் முதல் தரமான சாட்சி. ஒரு வக்கீலாலும் அசைக்க முடியாது.

"சின்னப் பொண்ணு ஒருத்தி இருக்காக்கா எனக்கு, ஒன்பது வயசு" என்றார். "பொறந்ததுலேர்ந்து அவ தலையை வேற ஒருத்தரைத் தொட விட்டதில்ல. போன மாசம் ஆசையா இருக்கேன்னு உக்கார வச்சு வெட்டினேன். விரல் சொன்ன பேச்சு கேக்கல. காது மடல்ல பட்டுடுச்சு. ரெண்டு தையல். இப்ப நான் கத்திரிக்கோலை எடுத்தாலே எழுந்து அம்மாகிட்ட ஓடிப் போயிடறா."

வலது கையைத் தூக்கி, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல அதைப் பார்த்தார்.

"இதையெல்லாம் நான் அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருந்தா, கை சரியாகியிருக்குமாக்கா?"

ஆறுதலாகச் சொல்ல ஆயிரம் பொய் இருந்தது. நம் ஆட்களுக்கு அதற்கா பஞ்சம்? அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆகியிருக்கும்" என்றாள்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். உள்ளேயிருந்து யாரோ எண்ணெய் கொட்டிவிட்டது, சீக்கிரம் வா என்று கூப்பிட்டார்கள். அவர் மாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அக்காவிடம் ஒரு பரவாயில்லைகூடச் சொல்லாமல் அந்தப் பக்கம் போனார்.